நண்பர்களோடு சேர்ந்து பார்த்த புதுப் படங்களுக்கு எவ்வாறு விமர்சனம் எழுதுவது?

கனகராயன்கரை (கிளிநொச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாசகர் வட்டமாகக் கூடும் நண்பர்கள் சிலர், புதிதாக வெளிவரும் தமிழ்ப் படங்களைச் சேர்ந்து பார்த்து, நிலையத்தின் சுவர்ப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதி வருகிறோம். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நாட்களில் ஒரு வான் வண்டியைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரையரங்கில் பார்ப்போம். அதற்கு வசதிப்படாதபோது, படம் இணையத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, நிலையத்து மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் போட்டுப் பார்ப்போம்.

எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வான் ஆனையிறவைத் தாண்டுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து வந்துவிடுகிறது. முதலில் யார் வாயைத் திறந்து "படம் இழுவை" என்றோ "படம் பிடித்துவிட்டது" என்றோ சொல்கிறாரோ, அவருடைய பேச்சின் பின்னால்தான் மற்றவர்களின் பேச்சும் போகிறது. மெய்யழகன் பார்த்துவிட்டு வந்த இரவில், வானின் முன் ஆசனத்தில் இருந்த நண்பர் அது நீளம், கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். அப்படியே எழுதி ஒட்டினோம். எங்களில் அதிகம் கதைக்காத ஒருவன் அதைப் படித்துவிட்டு, அந்தப் படத்தில் வரும் சைக்கிளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று என்னிடம் தனியாகக் கேட்டான். ஊரைவிட்டுப் போனவர் விட்டுச் சென்ற சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதாகக் கார்த்தியின் பாத்திரம் சொல்லும் இடத்தை அவன் சொன்னான். அவனுடைய தகப்பனாரின் சைக்கிள், கரியரில் கட்டிய சாக்கு மூட்டையோடு 2009இல் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீதியோரத்தில் விடப்பட்டது. அது எவருக்காவது உதவியிருக்குமா என்ற எண்ணம் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு தன்னை விடவில்லை என்றான். வானில் அவன் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு இடமும் இருக்கவில்லை.

என் கேள்வி இதுதான். சேர்ந்து பார்த்த படத்துக்கு ஒரே குரலில் விமர்சனம் எழுதுவதா, ஆளுக்கொரு பத்தியாக எழுதுவதா? இன்னொன்றும் உண்டு. இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையான டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்த பிறகு எங்களுக்குள் கடுமையான பிளவு ஏற்பட்டது. எங்கள் சனத்தின் கதையை இவ்வளவு அன்போடு எடுத்திருக்கிறார்கள், அதில் குறை பிடிப்பது முறையில்லை என்று ஒரு பகுதியினரும், எங்கள் கதை என்பதால்தான் கூர்மையாகப் பார்க்க வேண்டும் என்று மறு பகுதியினரும் சொல்கிறார்கள். இதனால் அந்தப் படத்துக்கு இன்றுவரை எங்கள் பத்திரிகையில் விமர்சனமே வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (முள்ளியவளை) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். படம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பத்திரிகைக்கு எழுதுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள் என்பது சிறிய விடயம் அன்று. எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்படும் காலத்தில், அடுத்த நாள் தேநீர்க் கடையில் அதற்கு நடக்கும் விமர்சனம் கூத்தைவிட நீண்டதாக இருக்கும். கண்ணகியாக ஆடியவரின் குரல் எந்த இடத்தில் தளர்ந்தது, அண்ணாவியார் எந்தப் பாட்டை விட்டுவிட்டார் என்று ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். கடைசிவரை ஒரு முடிவுக்கு வராமலே எழுந்து போவார்கள். அது குறையென்று எவரும் நினைத்ததில்லை.

நான் சொல்லக்கூடிய வழி எளிமையானது. படம் முடிந்ததும், கதைக்கத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று நான்கு வரிகள் எழுதி மடித்துக் கொடுத்துவிடுங்கள். நன்று, கூடாது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். மனத்தில் நின்ற ஒரு காட்சி, புரியாமல் போன ஓரிடம், அலுப்புத் தட்டிய ஓரிடம் என்று எழுதினால் போதும். அதன் பின் வானில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கலாம். உங்கள் நண்பனின் சைக்கிள் அந்தத் தாளில் பத்திரமாக இருந்திருக்கும்.

மெய்யழகன் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தது எந்த வடிவம் என்பதை விமர்சனத்தில் குறிப்பிட்டீர்களா? அந்தப் படம் 2024 செப்டெம்பர் 27இல் வெளியானபோது 177 நிமிடங்கள் ஓடியது. நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்ததால், இயக்குநர் பிரேம்குமார் சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார். முதல் நாட்களில் திரையரங்கில் பார்த்தவரும் பின்னர் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. இழுவை என்று எழுதும்போது, குறைப்பதற்கு முன்னைய வடிவமா பின்னைய வடிவமா என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கதைக்கு நேரம் தேவை. 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து வெளியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறான். அந்தக் கலியாணத்தில் அவனை ஒருவன் "அத்தான்" என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். இவனுக்கோ அவனுடைய பெயரே நினைவில் இல்லை. அந்த 1996ஆம் ஆண்டில்தான் கிளிநொச்சி நகரமும் வெறிச்சோடியது. இலங்கை இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கையின்போது கிடைத்ததை எடுத்துக்கொண்டு சனம் தெற்கே காடுகளுக்குள் இறங்கியது. தஞ்சாவூர்க்காரருக்கு அது சொத்துத் தகராறு, எங்களுக்கு அது யுத்தம், காரணங்கள் வேறு. ஆனால் பிறந்த வளவைப் பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்க்கிறவனின் தயக்கத்தை அரவிந்த்சாமி முகத்தில் வைத்திருந்த விதத்தைக் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிற விமர்சனம் தவறவிடக் கூடாது. சென்னையில் இருந்து எழுதுகிறவருக்கு அந்தக் கண் இருக்க வேண்டிய அவசியமில்லை, உங்களுக்கு இருக்கிறது.

மண்டபத்தில் புரொஜெக்டரில் பார்த்தால் அதையும் எழுதுங்கள். இயக்குநர் வினோத்ராஜின் கொட்டுக்காளி படத்தை நாங்கள் ஒரு வீட்டு விறாந்தையில் மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவில் பார்த்தோம். அந்தப் படத்தில் பின்னணி இசை இல்லை. ஓட்டோவின் இயந்திரச் சத்தம், சேவலின் சிறகடிப்பு, காற்று, தூரத்து ஒலிபெருக்கி ஆகியவையே அதன் இசை. அவை கேட்காத இடத்தில் இருந்து அதைப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வது நியாயமாகாது.

வாசிகசாலைப் பெண் (வவுனியா) எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன தாள் யோசனை நல்லது. நானும் அதை ஏற்கிறேன். அண்ணா, உங்கள் கேள்வியில் ஒரு விடயத்தை நீங்கள் தொடவில்லை. உங்கள் வானில் பெண்கள் இருந்தார்களா? யாழ்ப்பாணத்தில் மாலைக் காட்சி பார்த்துவிட்டு நள்ளிரவில் கிளிநொச்சிக்கு வரும் வானில் வீட்டார் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்கள் மட்டும் பார்த்த படத்துக்கு "நாங்கள் பார்த்தோம்" என்று எழுதும்போது அந்த நாங்கள் யார் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஐயா குறிப்பிட்ட கொட்டுக்காளியையே எடுத்துக்கொள்கிறேன். வேறொருவனை விரும்புகிறாள் என்பதற்காக, மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினர்களும் அவளை ஓட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கொண்டுபோகிறார்கள். வழியில் எங்கோ ஒலிக்கும் ஒரு பாட்டை அவள் வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அதைக் கண்ட பாண்டி அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். நானும் என் தோழிகளும் எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, அடி விழுந்ததற்குப் பிறகு வரும் நேரத்தில் எங்களில் எவரும் கதைக்கவில்லை. அதே படத்தை என் தம்பி தன் நண்பர்களோடு பார்த்திருந்தான். அவர்கள் அன்று இரவு முழுவதும் கதைத்தது பாண்டியாக வரும் சூரியின் நடிப்பைப் பற்றி; நகைச்சுவை நடிகர் தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலில் எப்படி மாறிவிட்டார் என்பதைப் பற்றி. அதுவும் உண்மையான பாராட்டுத்தான், அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுவதும் ஏறத்தாழ வாயே திறக்காமல் கண்களாலேயே நடித்திருப்பதை அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீதியை மறித்து நிற்கும் மாட்டை ஆண்கள் எல்லோரும் விலக்க முடியாமல் திகைத்திருக்க, ஒரு சிறுமி வந்து அதைச் சர்வ சாதாரணமாக நடத்திக்கொண்டு போகிறாளே, அந்தக் காட்சியைப் பற்றி நாங்கள் நெடுநேரம் கதைத்தோம். தம்பியிடம் கேட்டபோது அவனுக்கு அது நினைவில் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு பொருள் இருக்கலாம் என்று அவர்கள் கூட்டத்தில் எவரும் எண்ணவில்லை. ஆகவே ஞாயிறு பிற்பகலில் மண்டபத்தில் ஒரு காட்சி வையுங்கள். தாய்மாரும் சகோதரிகளும் வருவார்கள்.

டூரிஸ்ட் ஃபேமிலி பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அந்தப் படம் பிடித்தது. அதனால்தான் அதில் உள்ள குறையையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். 2022இல் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், மன்னார்க் கரையிலிருந்து படகேறித் தனுஷ்கோடியில் இறங்கிய குடும்பங்களை எங்கள் மாவட்டத்தில் அறியாதவர்கள் இல்லை. அவர்கள் தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரிலுள்ள அகதி முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். படத்தில் வரும் தர்மதாசின் குடும்பம் முகாமுக்குப் போகாமல் சென்னையில் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு வீடெடுக்கிறது. அயலவர்கள் ஒவ்வொருவராக நல்லவர்களாகிறார்கள். முகாம் வாழ்க்கையின் கதை வேறு. முகாமில் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படம் அதைச் சொல்ல வந்ததில்லை என்பது சரி, ஆனால் எங்கள் சனத்தின் கதை இதுதான் என்று நாங்களே எழுதினால் அது முகாமில் இருப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அந்தக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி இறந்தபோது, அதுவரை பக்கத்து வீட்டார் முகம் பாராத சனங்கள் தர்மதாசின் முன்முயற்சியால் கூடி அவருக்கு இறுதிக் கிரியை செய்கிறார்கள். செத்த வீட்டுக்கு அழையாமல் போய் நின்று வேலை செய்வது எங்கள் ஊர்களில் இன்றைக்கும் நடக்கிறது. தர்மதாசாக வரும் சசிகுமார் அந்த இடத்தில் ஒரு தியாகியைப் போல நடிக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்பவராக அமைதியாக நடந்துகொள்கிறார். முதற்படம் எடுத்த இளைஞரான அபிஷன் ஜீவிந்த் அதைக் கவனித்திருக்கிறார் என்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இளைய மகனுக்கு, முள்ளிவாய்க்காலை நினைவூட்டும் முள்ளி என்ற பெயரை வைத்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் கேட்ட இடத்தில் என் தாயார் எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

குறை பிடிப்பவரும் பிடிக்காதவரும் ஒரே விமர்சனத்துக்குள் இரண்டு பத்திகளாக இருந்தால் என்ன? சுவரில் இடம் போதாதா?

மென்பந்துக்காரன் (புதுக்குடியிருப்பு) எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனால் ஆசிரியர் ஐயாவின் யோசனையில் ஒரு பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. தாளில் தனித்தனியே எழுதிவிட்டு, சேர்ந்து பார்த்ததால் ஏற்பட்டதையெல்லாம் கழித்துவிட்டால், சேர்ந்து பார்ப்பதற்கு அர்த்தம் என்ன? சில படங்கள் கூட்டத்துக்காகவே எடுக்கப்படுகின்றன. அங்கே கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே அடங்கியது என்பது விமர்சனத்தின் முக்கியமான தகவல்.

ஊர்க் கிரிக்கெட்டைப் பற்றிய லப்பர் பந்து படத்தை எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பெடியள் எல்லோருமாகக் கழகக் கட்டடத்தில் பார்த்தோம். தினேஷ் நடித்த கெத்து என்ற ஆட்டக்காரரின் மனைவி யசோதை உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி விளையாடும் இடத்தை உழுதுவிடும் காட்சியில் கூரை பறக்கும் அளவுக்குச் சத்தம். எங்களில் பாதிப் பேர் உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள். விதைப்புக் காலத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குப் போனதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எவருமில்லை. அந்தக் காட்சியின் நகைச்சுவைக்கு அடியில் ஒரு பெண்ணின் உண்மையான கோபம் இருப்பது எங்களுக்கு உடனே விளங்கியது. தனியே கைபேசியில் பார்ப்பவருக்கு அது ஒரு நல்ல காட்சியாக மட்டும் கடந்து போயிருக்கும். தினேஷ் துடுப்பைப் பிடித்து நிற்கும் தோரணையைப் பார்த்து, எங்கள் கழகத்தின் மூத்த வீரர் ஒருவர் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். இப்படிப்பட்டதை எழுதாமல் ஒளிப்பதிவு நன்று, இசை நன்று என்று எழுதுவதால் எவருக்கு என்ன பயன்?

ஆனால் சத்தத்தை எழுதுவது போலவே, சத்தம் இல்லாமல் போன இடத்தையும் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தப் படத்தில் அன்பு என்ற இளம் வீரருக்கு எவ்வளவு திறமை இருந்தும் ஜாலி பிரண்ட்ஸ் அணியில் இடம் கிடைக்காததற்குச் சாதி ஒரு காரணம். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து அதைப் பிரசங்கமாக்காமல், அணித் தெரிவு, ஒரு பார்வை, ஒரு சாட்டுப்போக்கு ஆகியவற்றின் ஊடாகக் காட்டியிருக்கிறார். படம் முடிந்த பின் நாங்கள் யசோதையைப் பற்றிக் கதைத்தோம், கெத்துவைப் பற்றிக் கதைத்தோம், மாமன் மருமகன் மோதலைப் பற்றி விடியும்வரை கதைத்தோம். சாதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யுத்தத்தோடு அதெல்லாம் போய்விட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். கோயில் திருவிழா உபயங்களிலும் கலியாணப் பேச்சுகளிலும் அது போகவில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நண்பர்களோடு இருக்கும்போது ஒருவரையும் நோகடிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் எங்களைத் தடுத்தது; அந்த நல்ல எண்ணம் படத்தின் நடு முள்ளந்தண்டையே விமர்சனத்திலிருந்து உருவி எடுத்துவிட்டது. ஆகவே தம்பி, விமர்சனம் எழுதும் பொறுப்பை ஏற்பவர் கடைசியில் தன்னிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் படத்தில் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கதைக்காமல் விட்டது எது? அதை அவர் தன் பெயரில் எழுதட்டும். கூட்டத்தின் பெயரில் அதை எழுத முடியாது.

பெரிய நடிகர்களின் படங்களுக்கு முதல் நாள் போனால் மட்டும் கூட்டத்தின் சத்தத்தை நம்ப வேண்டாம். அது படத்துக்காக எழும் சத்தமில்லை, ரசிகர்கள் வரும்போதே கொண்டுவருவது.

கனகராயன்கரை (கிளிநொச்சி) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதை நிலையத்தில் வாசித்துக் காட்டினேன். தாளில் எழுதும் முறையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மென்பந்துக்கார அண்ணா சொன்ன கேள்விக்கு மாத்திரம் முதலில் எதிர்ப்பு வந்தது; கதைக்காமல் விட்டதை எழுதினால் ஊரில் பிரச்சினை வரும் என்று மூத்த நண்பர் ஒருவர் சொன்னார். நீண்ட வாக்குவாதத்தின் பின், எழுதுபவர் தன் பெயரைப் போட்டு எழுதலாம், நிலையம் அதை வெட்டாது என்று முடிவு செய்தோம்.

டூரிஸ்ட் ஃபேமிலியை மீண்டும் ஒரு முறை, வருகிற ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, குடும்பத்தாரோடு மண்டபத்தில் பார்க்கவிருக்கிறோம். மின்பிறப்பாக்கியைக் கட்டடத்தின் பின்பக்கம் தள்ளி வைத்து, நீண்ட வயர் இழுப்பதற்கு ஒழுங்கு செய்திருக்கிறோம். தங்கச்சி சொன்னதுபோல இரண்டு பத்திகள் வரும். அதற்கு மேலும் வந்தால் சுவரில் இன்னொரு பலகை அடிப்போம். மெய்யழகனுக்கு எழுதிய விமர்சனத்தின் கீழே, சைக்கிளைப் பற்றி என் நண்பன் எழுதிய பத்தி நேற்று ஒட்டப்பட்டது. நாங்கள் பார்த்தது குறைக்கப்பட்ட வடிவம் என்பதையும் அதன் மேலே சேர்த்துவிட்டோம்.